கோனார்க்: காந்தக்கல், தர்மபதன், சாம்பன்... கைடு சொன்னதுல எது நிஜம்?

வெயில்மகள்

எல்லாருக்கும் வணக்கம். போன வாரம் புரி ட்ரிப் போயிட்டு அப்படியே கோனார்க்கும் போயிட்டு வந்தோம், நான், எங்கம்மா, அக்கா பையன் (ஏழாவது படிக்கறான், வாய் ஓயாது). பத்து ரூபா நோட்டுக்குப் பின்னாடி இருக்கற சக்கரம்னு மட்டும் தெரிஞ்சுகிட்டு போனவ நான். கிட்ட போய் நின்னா சக்கரம் என்னைவிட ரெண்டு மடங்கு உசரம். ஆரக்கால் நடுவுல இருக்கற சின்ன வட்டத்துக்குள்ள ஒரு பொண்ணு ஒய்யாரமா சாஞ்சு நிக்கறா, எழுநூறு வருஷத்துக்கு மேல உப்புக்காத்து அரிச்சும் அவ இடுப்பு வளைவு அப்படியே தெரியுது. அங்கயே பத்து நிமிஷம் நின்னுட்டேன், கைடு வந்து தள்ளாத குறை.

பிரச்சனை அந்த கைடுதான். ஒரு மணி நேரத்துல மூணு கதை சொன்னார், மூணையும் ஒரே குரல்ல, ஒரே சத்தியத்தோட. ஒண்ணு, கிருஷ்ணரோட பையன் சாம்பனுக்கு குஷ்டம் வந்து இங்க தவம் பண்ணி குணமாச்சு, அதான் கோயில். ரெண்டு, 1200 சிற்பிங்க 12 வருஷம் கட்டியும் உச்சிக்கல்லு மட்டும் உக்காரல, 12 வயசுப் பையன் தர்மபதன் வந்து ஒரே ராத்திரியில வச்சுட்டு கடல்ல குதிச்சுட்டான். மூணு, கோபுர உச்சியில 52 டன் காந்தம் இருந்துச்சு, உள்ள சாமி சிலை அந்தரத்துல மிதந்துச்சு, கடல்ல போற கப்பல் எல்லாம் திசை மாறுச்சு, போர்த்துகீசியக்காரன் வந்து காந்தத்தை எடுத்தான், கோயில் விழுந்துருச்சு.

நம்ம பையன் சும்மா இருப்பானா, "அவ்ளோ பவர்னா உள்ள போறவங்க பெல்ட் பக்கிள் என்ன ஆகும்"னு கேட்டான். கைடு யோசிக்கவே இல்ல, "அதான் இரும்பு கொண்டுவரக் கூடாதுனு ராஜா உத்தரவு"ன்னார். என்ன பதில்!

இதுல எது சரித்திரம் எது கதைனு தெரிஞ்சவங்க சொல்லுங்க. இன்னும் ரெண்டு டவுட், உள்ள போகவே முடியாம வாசலை எல்லாம் கல்லு வச்சு அடைச்சிருக்காங்களே ஏன்? அப்பறம் சூரியன் சிலை காலுல முழங்கால் வரைக்கும் பூட்ஸ் மாதிரி இருக்கு, நான் கவனிக்கல, பையன்தான் கண்டுபிடிச்சான். அம்மாவுக்கு வேற வருத்தம், இவ்ளோ தூரம் வந்து கும்பிட ஒரு சாமி இல்லையேன்னு.

நாடோடி77

காந்தம் உருட்டு. சாம்பன் புராணம். தர்மபதன் மட்டும் உண்மை, ஒடிசால சின்ன கொழந்தைக்குக் கூட தெரியும். அடுத்த தடவை கைடு வேணாம், காலைல ஆறு மணிக்குப் போங்க, கூட்டமே இருக்காது.

பழைய ஓலை

நாடோடி ப்ரோ, எல்லாருக்கும் தெரியும்கறது மட்டும் சாட்சி ஆகாது. கொஞ்சம் நீளமா எழுதறேன், பொறுத்துக்கோங்க.

கட்டினது யாருங்கறதுல சந்தேகமே கிடையாது. கீழைக் கங்க வம்சத்து முதலாம் நரசிம்மதேவன், ஆட்சி 1238ல இருந்து 1264 வரைக்கும், கோயில் 1250 வாக்குல. நமக்கு இந்த வம்சம் அந்நியம் இல்ல. கலிங்கத்துப்பரணியில கருணாகரத் தொண்டைமான் படை எடுத்துப் போனாரே, அப்ப எதிர்ல இருந்த அனந்தவர்மன் சோடகங்கன் இந்த வம்சம்தான், அவனோட அம்மா ராஜசுந்தரி சோழ இளவரசி, பேர்லயே சோழமும் கங்கமும் இருக்கு பாருங்க. அந்த வழியில வந்தவன் நரசிம்மன். வங்காளத்து துக்ரல் துகான் கானை 1240கள்ல அடிச்சு விரட்டினவன், அந்த வெற்றிக்காகத்தான் இவ்ளோ பெருசா கட்டினான்னு நினைக்கறவங்க உண்டு, எனக்கும் அது பொருத்தமா படுது.

எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம் ஒண்ணு. அவன் பேரன் ரெண்டாம் நரசிம்மன் காலத்துச் செப்பேடு கேந்துபாட்னாங்கற ஊர்ல கிடைச்சுது. அதுல தாத்தா கோணாகோணத்துல (கோனார்க்தான்) உஷ்ணரச்மிக்கு, அதாவது சூடான கதிர்க்காரனுக்கு, ஒரு "குடீரகம்" கட்டிக் குடுத்தார்னு வருது. குடீரகம்னா குடில், குடிசை! இருநூறு அடிக்கு மேல நின்ன கோபுரத்தை குடிசைன்னு எழுதியிருக்காங்க. பெரிய பங்களா கட்டிட்டு "ஏதோ தலைக்கு மேல ஒரு கூரை"ன்னு சொல்வாங்களே, அதே அடக்கம்தான்.

இப்ப சாம்பன். அந்தக் கதை பழசு, ஆனா கோனார்க்குக்கு சொந்தம் இல்ல. சாம்ப புராணம், பவிஷ்ய புராணம் ரெண்டுலயும் சாம்பன் தவம் இருந்தது சந்திரபாகா நதிக்கரையில. சந்திரபாகான்னா இன்னைக்கு பஞ்சாப் பக்கம் ஓடற செனாப். அவன் கட்டின கோயில் மூலஸ்தானம், அதாவது இப்ப பாகிஸ்தான்ல இருக்கற முல்தான். யுவான் சுவாங் 641 வாக்குல அங்க போயி தங்கச் சிலையைப் பத்தி எழுதியிருக்கார். கஜினி காலத்து அறிஞர் அல்பிரூனி எழுதறப்ப அந்தச் சிலை இல்ல, ஆனா அது மரத்துல செஞ்சது, செவப்புத் தோல் போர்த்தியிருந்துச்சு, கண்ணுல ரெண்டு மாணிக்கம்னு குறிச்சு வச்சிருக்கார். முல்தான் கோயில் போன பிறகு கதைக்கு வீடு இல்லாம போச்சு, கிழக்குக் கடற்கரையில வந்து குடியேறிருச்சு. கோனார்க் பக்கத்துல ஒரு ஓடைக்கும் சந்திரபாகான்னே பேர் வச்சுட்டாங்க. நம்மூர்ல தென்காசி, தென்திருப்பதின்னு வைக்கறதில்லையா, அதேதான்.

பூட்ஸுக்கும் இதுதான் பதில், உங்க பையனுக்கு ஒரு சபாஷ். சாம்பன் கோயில் கட்டினதும் சூரியனுக்குப் பூஜை பண்ண உள்ளூர்ல ஆள் கிடைக்காம சாகத்வீபத்துல இருந்து மகர்கள்னு ஒரு கூட்டத்தைக் கூட்டிட்டு வந்தான்னு புராணமே சொல்லுது. அவங்க ஈரான் பக்கத்து ஆளுங்கன்னு ஆராய்ச்சியாளர்கள் சொல்றாங்க. அதனாலதான் வடக்கே சூரியன் சாக, குஷாண ராஜா மாதிரி நீள பூட்ஸ் போட்டு நிக்கறார், சிற்ப நூல்கள்லயே இதுக்கு உதீச்ய வேஷம், வடநாட்டு உடைன்னு பேர். நம்ம பக்கத்துச் சூரியனைப் பாருங்க, வெறுங்கால், ரெண்டு கையிலயும் தாமரை, அவ்ளோதான்.

கல்லும் கம்பியும்

வணக்கம்ங்க. நான் சிவில் எஞ்சினியர், 20 வருஷமா சைட்லதான் பொழப்பு. காந்தத்துக்கு மட்டும் நான் வரேன்.

உங்க பையன் கேட்ட பெல்ட் பக்கிள் கேள்வியே போதும், ஆனா கதை சும்மாவும் வரல. கோனார்க்ல இரும்பு நெஜமாவே இருக்கு. கல்லுக்குக் கல்லு இரும்பு க்ளாம்ப், வாசல் உத்தரத்துக்கு அடியில முட்டு குடுக்க அடிச்சு ஒட்டின இரும்பு பீம், அதுல பெருசு 35 அடிக்கு மேல நீளம். கோயில் வளாகத்துலயே துரு ஏறிப்போய் கிடக்கும் பார்த்திருப்பீங்க. 13வது நூற்றாண்டுல 35 அடி இரும்பு! துண்டு துண்டா காய்ச்சி, சம்மட்டியால அடிச்சு அடிச்சு ஒட்டியிருக்காங்க. இடிஞ்ச கோயில்ல கல்லுக்கு நடுவுல இவ்ளோ இரும்பைப் பார்த்தவன் காந்தம்னுதான் கதை கட்டுவான்.

கப்பல் விஷயம் இன்னும் வேடிக்கை. ஐரோப்பியக் கப்பல்காரங்க இதை கருப்பு பகோடான்னு கூப்பிட்டாங்க, புரி ஜெகந்நாதர் கோயில் வெள்ளை பகோடா. கடல்ல இருந்து கரை அடையாளம் பார்க்க இது ரெண்டும்தான் அவங்களுக்கு வழிகாட்டி. 1800களோட ஆரம்பத்துல கல்லை எடுத்துட்டுப் போறாங்கன்னு தெரிஞ்சப்ப, கோபுரத்தைக் காப்பாத்துங்கன்னு கம்பெனி சர்க்கார்கிட்ட மனு போட்டதே கப்பல் போக்குவரத்தைப் பார்த்துக்கிட்ட போர்டுதான். கப்பலைக் கவுக்கற கோபுரமா இருந்தா இடிச்சுத் தள்ளுன்னு இல்ல கேட்டிருப்பாங்க?

விழுந்ததுக்கு நான் சொல்ற காரணம் சப்புன்னு இருக்கும். செவுத்துக் கல்லு கோண்டலைட், செதுக்க சுலபம், ஆனா உப்புக்காத்துல உதிரும். (கதவு நிலையும் சாமி சிலையும் குளோரைட், அதான் அதெல்லாம் இன்னும் பளபளன்னு இருக்கு.) உள்ள இருக்கற க்ளாம்ப் துரு பிடிச்சா உப்பும், உப்பினா கல்லைப் பிளக்கும். கீழ கடல் மணல். அதோட கல்லைத் திருடறவன். ஒரே நாள்ல விழுந்திருக்காதுங்க, கொஞ்சம் கொஞ்சமாதான் போயிருக்கும்.

சூரியதாசன்

ஆளாளுக்கு அறிவாளி மாதிரி பேசறீங்க. காளாபகாட் வந்து 1568ல இடிச்சதை மட்டும் யாரும் வாயைத் திறக்க மாட்டேங்கறீங்க, துரு பிடிச்சுதாம் உப்புச்சாம். நம்ம முன்னோர் காந்தம் வச்சு சிலையை மிதக்க விட்டாங்கன்னா அதை நம்ப மட்டும் உங்களுக்குக் கஷ்டம்.

பழைய ஓலை

தாசன் சார், கோவப்படாதீங்க. காளாபகாட் ஆளு நிஜம், வங்காள சுல்தான் சுலைமான் கர்ரானியோட தளபதி, 1568ல ஒடிசா மேல வந்ததும் நிஜம். ஆனா அதுக்கு 20 வருஷத்துக்கு மேல கழிச்சு அக்பர் அரசவையில அபுல் ஃபசல் எழுதறப்ப, கோனார்க் கோயில் நிக்குது, இந்த நாட்டோட 12 வருஷ வருமானத்தைக் கொட்டிக் கட்டினது, குறை கண்டுபிடிக்கவே பொறந்தவனும் இதைப் பார்த்தா அசந்துதான் போவான்னு புகழ்ந்திருக்கார். இடிஞ்சு கிடந்த கல்குவியலைப் பார்த்து யாரும் அப்படி எழுத மாட்டாங்க. சேதம் பண்ணியிருக்கலாம், சிலையை எடுத்து ஒளிச்சு வச்ச கதையும் அங்க உண்டு, ஆனா மொத்தமா சாய்ச்சது அவன் இல்ல. 1837ல கட்டடக்கலை ஆராய்ச்சியாளர் ஃபெர்குசன் போயி வரையறப்பக் கூட பெரிய கோபுரத்துல ஒரு மூலை நின்னுட்டு இருந்துச்சு. அந்தக் கடைசி மூலையும் 1848 புயல்ல போச்சு. இன்னைக்கு நீங்க பார்க்கற உசரமான கட்டடம் கர்ப்பகிரகம் இல்லங்க, அது முன்மண்டபம், ஜகமோகனம்னு சொல்வாங்க.

வெயில்மகள்

அய்யோ, நாங்க பார்த்தது மெயின் கோயிலே இல்லையா?? அதுவே அவ்ளோ பெருசு! கைடு இதைச் சொல்லவே இல்ல.

புவனேஸ்வர்வாசி

லேட்டா வரேன். 14 வருஷமா இங்க புவனேஸ்வர்ல இருக்கேன், ஊர்ல இருந்து யார் வந்தாலும் கோனார்க் கூட்டிட்டுப் போற டூட்டி எனக்குத்தான், அதனால கல்லு எண்ணிக்கையே மனப்பாடம்.

மேடம், ஜகமோகனத்தை அடைச்சது வெள்ளைக்காரன். பெரிய கோபுரம் போனதும் இதுவும் போயிருமோன்னு பயந்து உள்ள முழுக்க மணலைக் கொட்டி நாலு வாசலையும் கல் வச்சு மூடிட்டாங்க. செவுத்துல ஒரு கல்வெட்டு இருக்கு, இங்கிலீஷ்ல, வங்காள லெஃப்டினென்ட் கவர்னர் போர்டில்லன் உத்தரவுப்படி 1903ல உள்ளே நிரப்பப்பட்டதுன்னு. அதுக்கப்பறம் நம்மள மாதிரி பார்க்க வர்றவங்க யாரும் உள்ள போக முடியாது. மணலை வெளிய எடுக்கற வேலையைத் தொல்லியல் துறை கையில எடுத்திருக்கு, எடுத்தா நிக்குமாங்கறதுதான் எல்லாருக்கும் கவலை.

அம்மாவுக்கு ஒரு நல்ல சேதி. ஜகமோகனத்து கிழக்கு வாசல் மேல இருந்த நவக்கிரகக் கல்லு, ஒன்பது கிரகமும் வரிசையா உக்காந்திருக்கும், கிட்டத்தட்ட 20 அடி நீளம். அதைக் கல்கத்தா மியூசியத்துக்குக் கொண்டு போகணும்னு சாஹிப்புங்க ஆசைப்பட்டு, பாரம் குறையட்டும்னு நீளவாக்குல ரெண்டா அறுத்து, கொஞ்ச தூரம் இழுத்து, முடியாம அப்படியே விட்டுட்டுப் போயிட்டாங்க. இப்ப வளாகத்தை ஒட்டி ஒரு சின்ன கோயில்ல இருக்கு, விளக்கு, பூ, பூஜை எல்லாம் நடக்குது, சனிக்கிழமை கூட்டம். முன்னாடி நின்ன அருண ஸ்தம்பத்தைத்தான் நீங்க புரியிலயே பார்த்துட்டீங்களே, ஜெகந்நாதர் கோயில் சிங்கவாசல் முன்னாடி ஒத்தைக் கல்தூண், உச்சியில அருணன் கைகூப்பிட்டு. மராட்டியர் காலத்துல இங்க இருந்து எடுத்துட்டுப் போனது. தேரோட்டி அங்க, தேர் இங்க. தை அமாவாசை கழிஞ்சு வர்ற ரதசப்தமிக்கு, இங்க மாக சப்தமி, விடியறதுக்கு முன்னாடியே சந்திரபாகா கடற்கரையில ஆயிரக்கணக்குல ஜனம் குளிரோட குளிரா முழுக்குப் போட்டு சூரியன் எழும்பறதுக்காக நிக்கும். சாமி கோயில்ல இல்லன்னா என்ன, அன்னைக்கு நேராவே வந்துருவார்.

தர்மபதன் பத்தி. நாடோடி சொன்னது பாதி சரி, இங்க தெரியாத கொழந்தை கிடையாது, கோபபந்து தாஸ் கவிதையாவே எழுதியிருக்கார். கைடு உங்களுக்கு ருசியான இடத்தை விட்டுட்டார். தலைமைச் சிற்பி பிசு மஹாரணா, பையனோட அப்பா, வேலைக்குக் கிளம்பறப்ப பொண்டாட்டி மாசமா இருக்கா, பையன் மூஞ்சியே அவர் பார்த்ததில்ல. 12 வயசுல அப்பாவைத் தேடி வர்றவன் அடையாளத்துக்கு வீட்டு மரத்து இலந்தைப் பழத்தைக் கையில கொண்டு வர்றான். அன்னிக்கு ராத்திரியே உச்சிக்கல்லை வச்சும் குடுத்துடறான். உடனே தச்சனுங்களுக்கு பயம், சின்னப் பையன் வச்சான்னு ராஜாவுக்குத் தெரிஞ்சா நம்ம தலை போயிரும்னு. அப்ப அப்பன் முன்னாடி வைக்கற கேள்வி இங்க பழமொழியாவே ஆயிருச்சு: "பாரச படேயிரே தாய நா புஅரே தாய". ஆயிரத்து இருநூறு தச்சனுக்குப் பொறுப்பா, பெத்த புள்ளைக்குப் பொறுப்பா? என் ஆபீஸ்ல புராஜெக்ட் மீட்டிங்ல கூட யாராவது இதைச் சொல்லிச் சிரிப்பாங்க. கல்வெட்டுல தர்மபதன் பேர் கிடையாதுதான். ஆனா தலைமைச் சிற்பி பேரு நாக்குல நிக்கற அளவு ராஜா பேரு நிக்கலன்னா அதுக்கு ஒரு காரணம் இருக்கணும்.

கல்லும் கம்பியும்

புவனேஸ்வர் சார் சொன்னதும் எனக்கு ஒண்ணு தோணுது. கதையில பையன் ஏன் செவுத்தை நிமுத்தல, சிலை செதுக்கல, உச்சிக்கல்லை மட்டும் வைக்கறான்? ஏன்னா அங்கதான் வேலையே. இந்தக் கோபுரத்துல ஆர்ச் கிடையாது, சுண்ணாம்புக் கலவை கிடையாது. ஒவ்வொரு வரிசைக் கல்லையும் உள்பக்கம் கொஞ்சம் கொஞ்சம் நீட்டி நீட்டிக்கிட்டே மேல போறாங்க. நீட்டின கல்லு உள்ள கவுந்து விழாம இருக்கறது எப்படின்னா, மேல் வரிசை இதோட வால்ல ஏறி உக்காந்து அழுத்தும். சரி, உச்சி வரிசையோட வால்ல யார் உக்காருவா? அதுக்குத்தான் ஆமலகம்னு அந்த ராட்சஸ நெல்லிக்காய் வட்டக்கல்லு, அதுக்கு மேல கலசம். அது வர்ற வரைக்கும் மொத்த கோபுரமும் ஊசிமேல நிக்கற மாதிரி. 1200 பேரு கடைசிக் கல்லுக்கு நடுங்கினாங்கங்கறது எனக்குக் கதையா தெரியல, சைட் ரிப்போர்ட் மாதிரி இருக்கு. காந்தக் கதையிலயும் அதே உச்சிக்கல்லை எடுத்ததும்தான் கோயில் விழுது, கவனிச்சீங்களா?

உங்க பையனுக்கு மேசை ஓரத்துல அஞ்சாறு புக்கை ஒண்ணுக்கு மேல ஒண்ணு வெளிய நீட்டி அடுக்கிக் காட்டுங்க. வால் பக்கம் ஏதாவது கனமா வச்சா நிக்கும்.

வெயில்மகள்

அண்ணா, சூப்பர். கேட்டதுக்கு மேலயே கிடைச்சுருச்சு. ஒண்ணே ஒண்ணு, சக்கரம் கடிகாரம்னு கைடு அச்சுல பேனா வச்சு நெழல் பார்த்து 10.20னு கரெக்டா சொன்னார், அதாவது நிஜமா?

கல்லும் கம்பியும்

(சிரிப்பு) அவர் பேனாவுக்கு முன்னாடி கைக்கடிகாரத்தைப் பார்த்திருப்பார்மா. கணக்கு அழகாத்தான் இருக்கு, எட்டு பெரிய ஆரம், ஒண்ணுக்கு 3 மணி நேரம்னா 24. நடுவுல சின்ன ஆரம், ஒன்றரை மணி. விளிம்பு மணி ஒண்ணுக்கு 3 நிமிஷம்னு சொல்வாங்க. ஆனா செங்குத்தா நிக்கற சக்கரத்துல நேரா நீட்டின குச்சியோட நெழல், சீசனுக்கு சீசன் மாறும். அதோட கோனார்க் கடகரேகைக்குத் தெற்கே, மே மூணாவது வாரத்துல இருந்து ஜூலை நாலாவது வாரம் வரைக்கும் உச்சி வெயில் வடக்குப் பக்கம் சாஞ்சிருக்கும், தெற்குச் செவுத்துச் சக்கரத்துல மத்தியானம் வெயிலே விழாது. 24 சக்கரம் 24 பட்சம், ஏழு குதிரை ஏழு நாள், வருஷத்தையே தேராக் கட்டியிருக்கான், அதுல சந்தேகம் இல்ல. பஸ் பிடிக்க டைம் பார்க்கக் கட்டலன்னு மட்டும் சொல்றேன்.

சூரியதாசன்

சரி சரி. காந்தத்தை விட்டுடறேன். மாக சப்தமி எப்ப வருது, புவனேஸ்வர் சார், ரூம் முன்னாடியே போடணுமா?

புவனேஸ்வர்வாசி

ஜனவரி கடைசி, பிப்ரவரி வாக்குல வரும் சார், பஞ்சாங்கம் பார்த்துக்கோங்க. ரூம் இப்பவே போட்டுடுங்க. ஸ்வெட்டர் கொண்டு வாங்க, கடல் காத்து விடிகாலையில எலும்பு வரை போகும்.

வெயில்மகள்

அப்டேட். அம்மா அந்த நவக்கிரகக் கல்லு மேட்டர் கேட்டுட்டு "பக்கத்துலயே இருந்துச்சா, பார்க்காம வந்துட்டோமே"ன்னு என்னையத்தான் திட்டினாங்க, அடுத்த வருஷம் சப்தமிக்குப் போறதா முடிவே பண்ணிட்டாங்க.

புக் எக்ஸ்பெரிமென்டும் பண்ணியாச்சு. டைனிங் டேபிள் ஓரத்துல ஆறு புக், வெளிய முக்கால்வாசி நீட்டி, வால்ல அரிசி டப்பா. நிக்குது அண்ணா, நெஜமாவே நிக்குது. பையன் கேட்டான், இப்ப போர்த்துகீசியக்காரன் வந்தா என்ன ஆகும்னு. நானும் புத்தி இல்லாம எடுத்துதான் பாரேன்டான்னேன். புக் எல்லாம் தரையில, மேல இருந்தது அம்மாவோட கந்த சஷ்டி கவசம், அதுக்கு ஒரு ரவுண்டு திட்டு இப்ப ஓடிட்டிருக்கு.